கட்டணம் அவர்களுக்கு, பழி நோயாளிக்கு!

நம் நாட்டுப்புறத்தில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. "காசு வாங்கினால் மந்திரம் பலிக்காது" என்பார்கள். தேள்கடிக்கு மந்திரிப்பவர், மஞ்சள் காமாலைக்கு வேப்பிலை அடிப்பவர், குழந்தைக்குத் தோஷம் தட்டியதென்று திருநீறு போடுபவர் - இவர்களில் பலர் கை நீட்டிக் காசு வாங்கமாட்டார்கள். வெற்றிலை பாக்கு வைத்தால் எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சினால் தட்டில் ஒன்றேகால் ரூபாய் விழும். மந்திரம் பலித்ததா இல்லையா என்பது வேறு விவகாரம். பலிக்காது என்பதே நம் கட்சி. ஆனால் படிக்காத பாமரன் என்று நாம் எண்ணிக்கொண்டிருப்பவன், கூலிக்கு மந்திரிப்பவனை ஐயக்கண்ணோடுதான் பார்த்து வந்திருக்கிறான். "உண்மையிலேயே சக்தி இருந்தால் இவன் ஏன் என் மடியை அவிழ்க்கச் சொல்கிறான்?" என்பது அவனுடைய கேள்வி. நியாயமான கேள்வி!

அந்த ஒன்றேகால் ரூபாய் இன்று எங்கே போய் நிற்கிறது? சீட்டு வாங்க ஒரு கட்டணம், முன்வரிசைக்கு ஒரு கட்டணம், தனியே சந்திக்க ஒரு கட்டணம், ஆசி பெற்ற எண்ணெய்க்கு ஒரு விலை, தகட்டுக்கு ஒரு விலை, வரமுடியாதவருக்குத் தபாலில் அனுப்பத் தனி விலை! மேடை இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, உண்டியல் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, அது கணக்கு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் குணமடைந்தார்கள், ஆறு மாதம் கழித்து அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்ற கணக்கு மட்டும் எந்த மேடையிலும் இல்லை.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நோயுற்ற பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்து ஒரு தாய் தன் தெய்வத்தை அழைக்கிறாள் என்றால், அவளோடு நமக்கு வழக்கில்லை. அவள் எந்த மதத்தவளாயினும் சரி, அந்தக் கண்ணீர் அவளுக்குச் சொந்தம். அந்தக் கண்ணீருக்குக் கடை விரித்து, விலைப்பட்டியல் மாட்டி வைத்திருக்கிறானே, அவனோடுதான் வழக்கு. அவன் நெற்றியில் எந்தக் குறி இருக்கிறது, கையில் எந்த நூல் இருக்கிறது என்பது பற்றி நமக்குக் கவலையில்லை. எல்லா மதத்திலும் அவன் இருக்கிறான். எல்லா நாட்டிலும் இருக்கிறான்.

இரண்டு கூலி, இரண்டு நீதி

டாக்டரும் கூலி வாங்குகிறார். "அவரைக் கேட்காமல் எங்களை மட்டும் கேட்பானேன்?" என்று இவர்கள் மடக்குவதுண்டு. நல்லது, ஒப்பிட்டே பார்ப்போம்.

டாக்டருக்குப் படிப்பு உண்டு. பதிவு எண் உண்டு. அவர் எழுதிய சீட்டு நோயாளியின் கையில் இருக்கிறது. தவறு செய்தால் வழக்குத் தொடரலாம். 1995-ல் நம் நாட்டு உச்சநீதிமன்றம், கட்டணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட சேவையே என்று தீர்ப்பளித்தது. பணம் வாங்கினாயா, பொறுப்பும் ஏற்றுக்கொள் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

கட்டணம் வாங்கும் அற்புதக்காரருக்கோ பதிவு எண் கிடையாது, சீட்டுக் கிடையாது, ரசீதில் "காணிக்கை" என்று எழுதியிருக்கும். நோய் தீர்ந்தால், "பார், என் வல்லமையை!" என்பார். தீராவிட்டால்? "உனக்கு நம்பிக்கை போதவில்லை" என்பார். அதாவது, புகழ் அவருக்கு, பணம் அவருக்கு, பழி மட்டும் நோயாளிக்கு! தோல்வி என்பதே வரமுடியாத தொழில் உலகத்தில் வேறு எங்கேனும் உண்டா? தச்சன் செய்த நாற்காலி உடைந்தால், "உட்கார்ந்தவனுக்கு நம்பிக்கை இல்லை" என்று தச்சன் சொன்னால் ஏற்பீர்களா? சொன்ன வாயோடு அவனை ஊர் சும்மா விடுமா?

இதுதான் இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து நடந்த ஒரு கதையைக் கேளுங்கள். கட்டுக்கதை அல்ல, ஒலிநாடாவில் பதிவாகி உலகமே கேட்ட கதை.

காதுக்குள் ஒலித்த 'அருள்வாக்கு'

அமெரிக்காவில் பீட்டர் பாப்பாஃப் என்றொரு மதபோதகர். 1980-களில் ஊர் ஊராகப் பெரிய மண்டபங்களில் சுகமளிக்கும் கூட்டம் நடத்திவந்தார். தொலைக்காட்சியிலும் வந்தார். கூட்டத்தில் ஆயிரக்கணக்கில் மக்கள். மேடையிலிருந்து இறங்கி வருவார்; முன்பின் பாராத ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பார்; அவருக்கு என்ன நோய் என்பார்; அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூடச் சொல்வார். கேட்டவர் திகைத்துப் போவார், கூட்டம் ஆர்ப்பரிக்கும். "கடவுள் நேரே இவருக்குச் சொல்கிறார்" என்று நம்பாமல் என்ன செய்வார்கள்? அந்த ஆர்ப்பரிப்பின் நடுவே காணிக்கை வாளிகள் நிறையும்.

ஜேம்ஸ் ராண்டி என்று ஒருவர் இருந்தார். தொழில்முறை மாயவித்தைக்காரர். 1928-ல் பிறந்து 2020-ல் மறைந்தவர். "நான் செய்வது கைத்தந்திரம், டிக்கெட் வாங்கியவர்களுக்கு அது தெரியும். கைத்தந்திரத்தையே அருள் என்று விற்பவர்களைத்தான் நான் எதிர்க்கிறேன்" என்பதே அவருடைய நிலை. திருடனைப் பிடிக்கத் தேர்ந்தவன் திருட்டின் நுட்பம் அறிந்தவனே அல்லவா? பேராசிரியர்கள் ஏமாந்த இடங்களில் இந்த வித்தைக்காரர் ஏமாறவில்லை.

ராண்டியின் ஆட்கள் ஒன்றைக் கவனித்தார்கள். பிறருடைய செவிட்டுத்தன்மையைத் தொட்டுப் போக்கும் இந்த மனிதர், தம் காதில் ஏன் ஒரு கருவியை மாட்டியிருக்கிறார்? அந்த ஒரு கேள்வியில் கோட்டை சரிந்தது!

1986-ன் தொடக்கம். சான்பிரான்சிஸ்கோ நகரில் கூட்டம். அலெக்சாண்டர் ஜேசன் என்ற மின்னணு வல்லுநர் வானொலி அலைகளைத் துழாவும் கருவியோடு வந்து அமர்ந்தார். 39.17 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு குரல் கிடைத்தது. அது கடவுளின் குரலா? இல்லை, பாப்பாஃபின் மனைவி எலிசபெத்தின் குரல்! கூட்டம் தொடங்குமுன் மக்களிடையே உலாவி, அன்பொழுகப் பேசி, அவர்கள் குறைகளைக் கேட்டறிந்தவர் அந்த அம்மையார்தான். வந்தவர்கள் தங்கள் பெயர், முகவரி, நோய் எல்லாவற்றையும் பிரார்த்தனை அட்டைகளில் தாங்களே எழுதியும் கொடுத்திருந்தார்கள். திரைமறைவில் இருந்தபடி அவற்றைப் பார்த்து அம்மையார் படிக்க, கணவர் காதில் அது ஒலிக்க, மேடையில் அது 'அருள்வாக்கு' ஆக வெளிவந்தது. நோயாளி தன் கையால் எழுதிக் கொடுத்ததையே திருப்பிச் சொல்லி, அவனிடமே காணிக்கை வாங்கினார்கள்!

டான் ஹென்விக் என்ற தபால்காரர் ஒருவர் ராண்டிக்கு உதவினார். டெட்ராய்ட் நகரக் கூட்டத்துக்குப் பெண்வேடம் தரித்து, சக்கர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவருக்கு இருந்த கருப்பைப் புற்றுநோய் நீங்கிவிட்டதாக அங்கே அறிவிக்கப்பட்டது. ஆணுக்குக் கருப்பை! அதில் புற்று! அதற்குச் சுகம்! எல்லாம் அறிந்த வல்லமைக்கு, எதிரே உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியவில்லை. அட்டையில் எழுதியிருந்தது மட்டும் தெரிந்தது.

1986 ஏப்ரலில், ஜானி கார்சன் நடத்திய புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ராண்டி அந்தப் பதிவுகளை நாட்டுக்குப் போட்டுக் காட்டினார். மேடைக் காட்சியும், காதில் ஓதிய குரலும் சேர்ந்து ஒலித்தன. பாப்பாஃப் தரப்பு முதலில் மறுத்துப் பார்த்தது. பிறகு காதுக்கருவி உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. 1987-ல் பாப்பாஃப் திவாலானார்.

இதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கூட்டங்களில் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. "உங்கள் மருந்துகளை எறியுங்கள்" என்று போதகர் சொல்ல, நோயாளிகள் மேடையை நோக்கி மாத்திரைப் புட்டிகளை வீசினார்கள். இதயநோய்க்கான மாத்திரை, நீரிழிவுக்கான மாத்திரை எல்லாம் அங்கே வந்து விழுந்தன. வீசிவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் கதி என்ன? மேடையில் இருந்தவர்கள் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

விழுந்தவர் எழுந்தார்!

இவ்வளவு அம்பலமான பின் அந்தக் கடை மூடப்பட்டிருக்கும் என்றுதானே எண்ணுவீர்கள்? அதுதான் இல்லை. சில ஆண்டுகளில் பாப்பாஃப் மறுபடி தொலைக்காட்சியில் தோன்றினார். இம்முறை 'அற்புத ஊற்று நீர்'. சிறு உறையில் இலவசமாக வரும். இலவசம் தானே என்று வாங்கினால், பின்னாலேயே கடிதம் மேல் கடிதமாக வரும். ஒவ்வொன்றிலும் காணிக்கை கேட்கப்படும். 2003-ல் அவருடைய நிறுவனத்துக்கு வந்த வருமானம் 96 இலட்சம் டாலருக்கு மேல். 2005-ல் 2 கோடியே 30 இலட்சம் டாலருக்கு மேல். அடுத்து அந்த நிறுவனம் திருச்சபை என்ற வடிவத்துக்கு மாறிற்று. திருச்சபை வருமானக் கணக்கை ஊருக்குக் காட்டவேண்டியதில்லை. முடிந்தது கதை!

இதிலிருந்து நாம் அறியவேண்டியது என்ன? மோசடியை ஒருமுறை அம்பலப்படுத்தினால் போதாது. நோய் இருக்கும்வரை, வறுமை இருக்கும்வரை, கணக்குக் கேட்காத சட்டம் இருக்கும்வரை, விழுந்தவர் எழுவார். எழுந்தவர் மறுபடியும் உறை அனுப்புவார்.

நல்லெண்ணம் மட்டும் போதுமா?

"பாப்பாஃப் போலி, எல்லோரும் போலியா?" என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். மோசடி எண்ணமே இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

காத்ரின் குல்மன் என்ற அம்மையார் அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்றவர். வில்லியம் நோலன் என்ற அறுவை மருத்துவர் அவருடைய கூட்டத்துக்கே போனார். குணமானதாகச் சொல்லப்பட்டவர்களில் 23 பேரைப் பின்னர் தேடிப்பிடித்து விசாரித்தார். அலைந்து திரிந்து ஆராய்ந்து, 1974-ல் நூலாக வெளியிட்டார். அம்மையாரை அவர் மோசக்காரி என்று சொல்லவில்லை. உளமார நம்புகிறவர் என்றே கருதினார். ஆனால் உடல்நோய் தீர்ந்ததாக ஒருவரைக்கூட அவரால் காணமுடியவில்லை.

அவர்களில் ஒரு பெண்ணுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். மேடையில் குணம் அறிவிக்கப்பட்டது. முதுகைத் தாங்கியிருந்த பட்டையைக் கழற்றி எறிந்து, சொன்னபடி மேடையில் ஓடியும் காட்டினார். கூட்டம் கைதட்டியது. மறுநாள் முதுகெலும்பு நொறுங்கியது. நான்கு மாதத்தில் அவர் மாண்டார்.

கைதட்டியவர்களுக்கு அந்தச் சாவு தெரியாது. அவர்களைப் பொறுத்தவரை அந்தப் பெண் இன்றைக்கும் குணமானவர்தான்! "என் கண்ணாலே பார்த்தேன்" என்று அவர்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லியிருப்பார்கள். பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் பார்த்தார்கள்.

குல்மன் அம்மையார் 1976-ல் டல்சா நகர மருத்துவமனையில், இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் மறைந்தார். நோய் வந்தால் மருத்துவமனைக்குப் போவது அறிவுடைமை. அதை நாம் பழிக்கமாட்டோம். ஆனால், "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, தான் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி" என்ற நம் முன்னோர் மொழி நினைவுக்கு வராமல் இருக்குமா? நம் ஊர் அருளாளர்களும் நெஞ்சு வலித்தால் எங்கே ஓடுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்! தமக்கு வந்தால் ஆஸ்பத்திரி, நமக்கு வந்தால் எண்ணெய்ச் சிமிழ்!

"எனக்குக் குணமானதே!"

இப்படிச் சொல்பவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். அவர்கள் பொய்யர்கள் அல்லர். ஆனால் நோயின் போக்கை அறிந்துகொண்டால் புதிர் அவிழ்ந்துவிடும்.

மூட்டுவலி, இழுப்பு, ஒற்றைத் தலைவலி - இவை ஏறும், இறங்கும். மிக ஏறியிருக்கும்போதுதான் மனிதன் அற்புதக்காரரைத் தேடி ஓடுகிறான். அடுத்து வருவது இறக்கம்தான். அந்த இறக்கத்தைத் தம் கணக்கில் எழுதிக்கொள்கிறார் அவர். கெட்ட நீரால் பரவும் மஞ்சள் காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே தீர்கிறது. பெயர் வாங்குவது வேப்பிலை. கூட்டத்தின் உணர்ச்சி வேகத்தில் வலி சற்று நேரம் மறக்கும். வீடு சேருமுன் திரும்பிவிடும். இன்னும் பலர் மருந்தையும் விடாமல் சாப்பிடுகிறார்கள். "நோய்க்கும் பார், பேய்க்கும் பார்" என்பது பழமொழி அல்லவா? ஊசி போட்டது ஆஸ்பத்திரி. புகழ் வாங்கியது தாயத்து!

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பகுதி நஞ்சில்லாதவை. நச்சுப்பாம்பு கடித்தாலும் எல்லாக் கடியிலும் நஞ்சு இறங்குவதில்லை. இப்படித் தானே பிழைத்தவர்கள் எல்லாம் மந்திரக்காரரின் வெற்றிப் பட்டியலில் சேர்கிறார்கள். நஞ்சு இறங்கியவன் செத்தால் "விதி" என்ற ஒரு சொல்லில் கணக்கு முடிகிறது. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 இலட்சம் பேர் மாண்டிருக்கிறார்கள், ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. மந்திரித்துக்கொண்டிருந்த நேரத்தில் மருத்துவமனைக்குப் போயிருந்தால் இவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்!

நச்சுமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-ல் அமைந்த இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிலிருந்தும் நஞ்சு எடுத்துத் தருகிறது. அதைக்கொண்டு மருந்து செய்கிறார்கள். காடு அறிந்த இருளர் கையும், ஆய்வுக்கூடத்தின் அறிவும் சேர்ந்து உயிர் காக்கின்றன. இதற்குத் தனிக் காணிக்கையும் இல்லை. நம்பிக்கை இருந்தால்தான் வேலை செய்யும் என்ற நிபந்தனையும் இல்லை. நம்பாதவன் உடம்பிலும் அந்த மருந்து வேலை செய்யும்!

சோதனைக்கு வா என்றால்...

சோதித்துப் பார்க்காமல் நாம் பேசவில்லை. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகளில், இதயக்குழாய் மாற்றுவழி அறுவை செய்துகொண்ட 1,802 பேரை மூன்று பிரிவாக்கி ஒரு பெரிய ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2006-ல் வெளியாயிற்று. பிறர் தமக்காகப் பிரார்த்திக்கிறார்களா என்று உறுதியாகத் தெரியாதிருந்தவர்களில், பிரார்த்தனை பெற்றவர்களுக்கு 52 விழுக்காடு, பெறாதவர்களுக்கு 51 விழுக்காடு என்ற அளவில் சிக்கல்கள் நேர்ந்தன. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பிரார்த்தனை நடக்கிறது என்று அறிந்திருந்தவர்களுக்கோ 59 விழுக்காடு! அங்கே பிரார்த்தித்தவர்கள் நோயாளியிடம் காசு கேட்கவில்லை. அவர்கள் அன்பை நாம் குறை சொல்லவில்லை. இலவசமாகக் கொடுத்தபோதே வேலை செய்யாதது, விலைக்குக் கொடுத்தால் மட்டும் வேலை செய்துவிடுமா என்றுதான் கேட்கிறோம்.

நமக்கு அண்டையிலேயே ஒரு வீரர் இருந்தார். ஆபிரகாம் கோவூர், 1898-ல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து, 1928-ல் இலங்கை சென்று, தாவரவியல் ஆசிரியராகப் பணியாற்றியவர். ஏமாற்றுக்கு இடமில்லாத சோதனையில் தெய்வீக சக்தியைக் காட்டுவோர் யாராயினும் 1 இலட்சம் ரூபாய் தருவதாக 1963-ல் அறைகூவல் விடுத்தார். 1978-ல் அவர் மறையும்வரை அந்தப் பணம் அவரிடமேதான் இருந்தது. ஏழைகளிடம் பத்தும் இருபதுமாகக் காணிக்கை பிரிப்பவர்கள், ஒரே நாளில் ஓர் இலட்சம் கிடைக்கும் என்றபோது ஏன் வென்று காட்டவில்லை? பணத்தாசை இல்லாததாலா?

ஏர்வாடியில் வெந்த உயிர்கள்

நம் மண்ணிலேயே நடந்த கொடுமையை மறந்துவிட்டு அமெரிக்கக் கதையைப் பேசிக்கொண்டிருந்தால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம்.

2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு பல மதத்து மக்களும் நாடிவரும் தர்கா அங்கே உண்டு. அந்த நம்பிக்கையைச் சுற்றித் தனியார் சிலர் 'காப்பகங்கள்' நடத்திவந்தார்கள். குடும்பங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு நோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்தார்கள். அன்று விடியற்காலை ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடிந்தவன் ஓடினான். கால் சங்கிலியில் இருந்தவன் எங்கே ஓடுவான்? 28 பேர் மாண்டார்கள்.

அவர்களைக் கொன்றது தீ மட்டுமா? அங்கே பிரார்த்தித்த பக்தனா? இல்லை. பக்தியை முதலாக்கி, மருத்துவம் தராமல், மாதப் பணம் மட்டும் வாங்கிய வாணிபம் கொன்றது. பிறகுதான் நாடு விழித்தது; உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது; காப்பகங்கள் மூடப்பட்டன; 500-க்கு மேற்பட்டோரை அரசு தன் பொறுப்பில் ஏற்றது. அவ்வளவு பேர் அதுவரை எவர் பொறுப்பில் இருந்தார்கள்? எவர் கணக்கில் இருந்தார்கள்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்து, மந்திரப் பரிகார ஆட்சேபகர விளம்பரச் சட்டம். தாயத்து, மந்திரம், கவசம் முதலியவற்றால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதை அது தடை செய்கிறது. புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, பக்கவாதம், குருடு, செவிடு என்று நோய்ப்பட்டியலே அதில் உண்டு. முதல் குற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை, மறுபடி செய்தால் ஓராண்டுவரை. ஆனால் சுவரைப் பாருங்கள், சுவரொட்டியைப் பாருங்கள், தொலைக்காட்சியைப் பாருங்கள், கைப்பேசியைப் பாருங்கள்! சட்டம் ஏட்டில் உறங்குகிறது. விளம்பரம் வீதியில் விழித்திருக்கிறது.

மகாராட்டிரத்தில் டாக்டர் நரேந்திர தபோல்கர் பல்லாண்டு போராடினார். 2013 ஆகஸ்டு 20-ல் புனே நகரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் உயிரோடு இருந்தவரை வராத சட்டம், அவர் மாண்ட சில நாட்களில் அவசரச் சட்டமாக வந்தது; அதே ஆண்டு இறுதியில் சட்டமன்றத்திலும் நிறைவேறிற்று. பாம்பு, நாய், தேள் கடித்தவரை மருத்துவத்துக்குப் போகவிடாமல் தடுத்து மந்திரிப்பது அங்கே குற்றம். கருநாடகமும் 2017-ல் இத்தகைய சட்டத்தை நிறைவேற்றியது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு தபோல்கர் சாகவேண்டும் என்று காத்திருக்கவேண்டுமா?

யாரை நொந்துகொள்வது?

போகிற மக்களை ஏசுவதில் நமக்கு விருப்பமில்லை. ஆஸ்பத்திரி இருபது மைல். பஸ்ஸுக்குக் காசு வேண்டும். ஒரு நாள் கூலி போகும். அங்கே போனால் "தள்ளி நில்" என்ற அதட்டல். என்ன நோய் என்று சொல்ல எவருக்கும் நேரமில்லை. அற்புதக்காரரோ "வா மகளே" என்கிறார். தலையில் கை வைக்கிறார். கதையைக் காது கொடுத்துக் கேட்கிறார். அந்த ஒரு 'வா மகளே'வுக்குத்தான் அவள் தாலிக்கொடியை அடகு வைக்கிறாள்! ஆகவே, அரசு மருத்துவமனையில் மருந்து இருந்தால் மட்டும் போதாது, மரியாதையும் இருக்கவேண்டும். அங்கே கனிவு குறையக் குறைய, இங்கே கூட்டம் பெருகும்.

கைவிட்ட நோயாளிக்குச் சொல்லவும் ஒன்று உண்டு. மருத்துவம் எல்லாவற்றையும் தீர்ப்பதில்லை. தீர்க்க முடியாததை "முடியாது" என்று சொல்லும் நேர்மை அதற்கு உண்டு. வலியைக் குறைக்கும் வழியும் உண்டு. முடியாததை முடியும் என்று சொல்லிப் பணம் வாங்குவதற்குப் பெயர் ஆறுதல் அல்ல.

கேளுங்கள், நாலு கேள்வி!

அடுத்த முறை உங்கள் ஊரில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, கட்டணம் எழுதிப் பலகை மாட்டினால், சண்டைக்குப் போகாதீர்கள். அமைதியாக நாலு கேள்வி கேளுங்கள்.

"ஐயா, போன ஆண்டு உங்களிடம் குணமானவர்களில் பத்துப் பேருடைய மருத்துவச் சான்றை, முன்னும் பின்னும் எடுத்ததைக் காட்டுவீர்களா? குணமாகாவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவீர்களா? மருந்தை நிறுத்தாதே என்று இந்த மேடையிலேயே உரக்கச் சொல்வீர்களா? உங்களுக்கு நோய் வந்தால் யாரிடம் போவீர்கள்?"

நேர்மையானவராயின் பதில் சொல்லட்டும், நாம் கேட்டுக்கொள்கிறோம். பதிலுக்குப் பதில் "உனக்கு நம்பிக்கை இல்லை" என்று வந்தால், கடையின் சரக்கு இன்னதென்று ஊருக்கே விளங்கிவிடும்.

மந்திரத்தில் மாங்காய் விழுமா என்று கேட்டார்கள் நம் பெரியவர்கள். மாங்காய் இன்றுவரை விழவில்லை. மரத்தடியில் நிற்பவனின் காசுதான் விழுந்துகொண்டிருக்கிறது. "காசு வாங்கினால் மந்திரம் பலிக்காது" என்ற பாட்டன் பேச்சை, பேரன்மார் கொஞ்சம் திருத்திச் சொல்லவேண்டிய காலம் இது: காசு வாங்கினாயா, கணக்குக் காட்டு! கணக்கு இல்லையா, காசைத் திருப்பிக் கொடு!